பச்சைப் பொட்டு இரண்டு

ஒக்டோபர் 15, திங்கள்

வெயில். மழை வரும் என்று போன கிழமையே சொன்னேன், ஒரு துளி இல்லை. நீரியல் படித்தவள் சொன்ன மழை பொய்த்தால் அலுவலகத்தில் எல்லோருக்கும் கொண்டாட்டம்.

வியாழன் பட்டறைக்கு:
– கால்வாய் வரைபடம், பெரிய பிரதி, சிங்களத் தலைப்போடு
– வாக்குப் போட வட்ட ஸ்டிக்கர். மூன்று ஈமெயில் போட்டாயிற்று. பதில் இல்லை.
– சாம்பல் நிறச் சேலை, அயர்ன்
– நாங்கள் கொழும்பில் இருக்கப் பொலிஸ் தந்த பதிவுத் துண்டு புதுப்பிக்க. இவருக்கு ஞாபகப்படுத்த வேண்டும்.

பம்பலப்பிட்டியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து இறக்கினார்கள். வழக்கம் போல, சோதனைச் சாவடிக்கு முன்னமே பொட்டைக் கழற்றி அடையாள அட்டையின் பின்பக்கம் ஒட்டிவிட்டேன். எப்படியும் கையில் எடுக்க வேண்டிய அட்டை. திரும்ப வைக்கவும் வசதி. பொட்டு இல்லாவிட்டால் தமிழ்ப் பெயரை வாசிக்கும் வரையாவது மற்றவர்களோடு ஒருத்தியாக நிற்கலாம். இன்று அட்டையைப் புரட்டவே இல்லை. நல்ல நாள்.

அலுவலகத்தில் ஜெசிந்தா ஏற்கெனவே எங்கள் திட்டத் தலைவர் பேராசிரியரின் அறையில். சிரிப்புச் சத்தம் லிஃப்ட் வரை.


ஒக்டோபர் 16, செவ்வாய்

வெயில்தான்.

மனம் சரியில்லை. ஏன் என்று எழுதினால் குறையுமா பார்ப்போம்.

காலநிலை மாற்றத்துக்குக் கொழும்பு எப்படித் தயாராவது என்று திட்டம் போடுகிறோம். விஞ்ஞானிகள், மாநகர சபைப் பொறியியலாளர்கள், மீனவர் சங்கம், குடியிருப்பாளர்கள், எல்லோரும் ஒரே மேசையில். வேலை தொடங்க முதலில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் நிதி. இறுதிப் போட்டியில் இரண்டு: வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் விழும் இடம், கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டம். தோட்டம் என்றால் மரம் செடி இல்லை, ஒரு ஒழுங்கைக்குள் நெருக்கியடித்த வரிசை வீடுகள். வியாழன் வாக்கெடுப்பு. எந்த இடம் வெல்கிறதோ அதன் பொறுப்பாளர் பாங்கொக் கூட்டத்துக்குப் போய்த் திட்டத்தை விளக்குவார்.

வெள்ளவத்தை என்னுடையது. பதினொரு மாதம். கடல் உயர்ந்தால் கால்வாய் எங்கே பின்னோக்கிப் பாயும், எந்தத் தெருவுக்குள் நுழையும் என்று ஒவ்வொரு கட்டமாகக் கணக்குப் போட்டு மொடல் செய்தேன். மொடலில் பிழை இல்லை.

கொட்டாஞ்சேனை ஜெசிந்தாவுடையது. இருபத்தேழு வயது. சமூக இணைப்பாளர் என்று பதவி. பட்டம் இல்லை. பிறந்ததும் அந்தத் தோட்டத்தில்தான். அவளுடைய ஆய்வு என்ன? வீடு வீடாகப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு, "வெள்ளம் எவ்வளவு வந்தது?" என்று கேட்டு, சுவரில் சோக்கட்டியால் கோடு. பேராசிரியர் அந்தக் கோடுகளின் படத்தை எல்லோருக்கும் காட்டுகிறார்.

அவளிடம் எனக்குப் பிடிக்காதவை:
1. சிங்களம். என்னுடையது பாடப்புத்தகம். அவளுடையது தெருவில் ஓடி விளையாடியது.
2. சாவடியில் பொலிஸ்காரன் அவளோடு பகிடி விடுவான். என்னிடம் கேள்விதான் கேட்பான்.
3. வேதக்காரி, பொட்டு வைப்பதில்லை. கழற்றவும் வேண்டியதில்லை.
4. என்னை "அக்கா" என்று உண்மையாகவே அன்போடு கூப்பிடுகிறாள்.

நாலாவதுதான் தாங்க முடியவில்லை.

இவரிடம் சொன்னேன். பேப்பரை இறக்காமல், "ஆர், அண்டைக்கு வீட்டுக்கு வந்த பிள்ளையோ? நல்ல பிள்ளையப்பா" என்றார். இரவு சமையல் இல்லை, பாண்தான் என்று சொல்லிவிட்டேன்.


ஒக்டோபர் 18, வியாழன்

மூட்டம். பட்டறை கல்கிசை ஹோட்டலில். கடல் சாம்பல் நிறம், என் சேலையைப் போல.

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் ஒழுங்காக எழுதுகிறேன்.

முதலில் என் விளக்கவுரை. சிங்களத்தில். நன்றாகத்தான் போயிற்று, கடல் பெருக்குக்கு சிங்களச் சொல் மறக்கும் வரை. வாயைத் திறந்தபடி நின்றேன். பின்வரிசையிலிருந்து ஜெ. மெதுவாக, "வடதிய." மீனவர் சங்கத்து ஆட்கள் தலையாட்டினார்கள், என்னைப் பார்த்தல்ல, அவளைப் பார்த்து. எப்போதும் இதுதான். என் வாயில் வராத சொல்லை அவள் எடுத்துத் தருவாள், எல்லோரும் அவள் பக்கம் திரும்புவார்கள்.

கேள்வி நேரம். தோட்டத்திலிருந்து வந்த ஒரு அம்மா எழும்பி: "ஐம்பது வருசத்துக்குப் பிறகு தண்ணி வருமெண்டு சொல்லுறீங்க மிஸ். எங்கட வீட்டுக்குப் போன மாசமே வந்திட்டுது."

சிரிப்பு.

வெள்ளவத்தை அடுக்குமாடிச் சங்கத் தலைவர், என் தரப்பு ஆள்: "ஐம்பது வருசம் தமிழ்ச் சனம் நாங்கள் இஞ்ச இருப்பமெண்டு எழுதித் தாருங்கோ தங்கச்சி, ரெண்டு கையாலயும் உங்களுக்கு வோட்டுப் போடுறன்."

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. தமிழ் விளங்கியவர்கள் கோப்பையைப் பார்த்தார்கள்.

பிறகு வாக்கெடுப்பு. ஸ்டிக்கர் வரவில்லை! என் மூன்று ஈமெயில்! ஜெ. கைப்பையிலிருந்து பச்சை ஸ்டிக்கர் பொட்டு அட்டைகளை எடுத்தாள். "வராதெண்டு தெரியும் சேர். காலமை வெள்ளவத்தையில வாங்கினனான்." எல்லாம் ஒரே அளவு, ஒரே பச்சை. பேராசிரியர் கைதட்டினார். மாநகர சபைப் பொறியியலாளர் ஒன்றை நெற்றியில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். நாற்பத்து மூன்று பேர், ஆளுக்கு ஒரு பொட்டு, சுவரில் இரண்டு பெரிய தாள். கலியாண வீடு போலக் கலகலப்பு.

தேநீர் இடைவேளை. எண்ணுவது அதற்குப் பிறகு. வரைபடத்தைச் சுருட்ட உள்ளே வந்தேன். மண்டபத்தில் நான் மட்டும். எண்ணினேன்.

கொட்டாஞ்சேனை 22. வெள்ளவத்தை 21.

திரும்ப எண்ணினேன். அதேதான்.

கொட்டாஞ்சேனைத் தாளிலிருந்து நகத்தால் ஒன்றைக் கிளப்பினேன். பிறகு இன்னொன்று. என் தாளில் ஒன்றையும் ஒட்டவில்லை, அதை இங்கே எழுதி வைக்கிறேன், ஒன்றையும் ஒட்டவில்லை. கதவுச் சத்தம். விரல் நுனியில் இரண்டு பொட்டு. கை தானாகவே கைப்பைக்குள் பழகிய இடத்துக்குப் போயிற்று.

20க்கு 21. வெள்ளவத்தை. இரண்டு பேர் வாக்குப் போடாமல் ஃபோன் பேசப் போயிருக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். பேராசிரியர் என் கையைக் குலுக்கினார். ஜெ. கட்டிப்பிடித்தாள். "அக்கா, பாங்கொக்! எனக்கொரு குடை வாங்கிக்கொண்டு வாங்கோ."

பின்னேரம் அலுவலக வான். நானும் அவளும் பின் சீற்றில், நடுவில் சுருட்டிய தாள்கள். "அக்கா, இண்டைக்கு முழுக்கப் பொட்டே வைக்கேல்லை" என்றாள். காலையில் கழற்றியதைத் திரும்ப வைக்க மறந்துவிட்டிருந்தேன். தெஹிவளைப் பாலத்தடியில் மறித்தார்கள். அவள் வழக்கம் போல எல்லோருடைய அட்டையையும் வாங்கி, ஒன்றாக ஜன்னலால் நீட்டினாள். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

ஆமிக்காரப் பெடியன் என் அட்டையைப் புரட்டினான். "மே மொனவத?"

இது என்ன என்கிறான்.

ஜெ. எட்டிப் பார்த்தாள். பின்பக்கத்தில் என் கபில நிறப் பொட்டு ஒன்று. பக்கத்தில் பச்சை இரண்டு.

பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்துச் சிரித்து, "பொட்டு, சேர். அப்பே அக்காகே." எங்கள் அக்காவுடையது என்றாள். அவனும் சிரித்தான். போகலாம் என்று கை காட்டினான்.

அட்டையை என் மடியில் வைத்தாள். வெள்ளவத்தை வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.


ஒக்டோபர் 19, வெள்ளி

சுகவீன லீவு. சுகவீனம் இல்லை.

அவள் யாருக்காவது சொல்லியிருப்பாள் என்று காத்திருந்தேன். ஃபோன் அடிக்கவில்லை. சொல்லாமல் இருக்கிறாள். பெருந்தன்மையிலும் அவள்தான் முதலாம் இடம். இதற்கும் பொறாமைப்படுகிறேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

அட்டையிலிருந்து பச்சை இரண்டையும் கிள்ளி எறியப் போனேன். எறியவில்லை.

வெள்ளிக்கிழமை என்பதால் மீன் வாங்கவில்லை. கோயிலுக்கும் போகவில்லை.


ஒக்டோபர் 22, திங்கள்

கறுத்த வானம். காற்று இல்லை.

குழுக் கூட்டம். மீன்பிடித் திணைக்களத்து ஆள் ஒரு தாளோடு வந்திருந்தார். பட்டறைக்கு வந்தவர்களின் கையொப்பம் நாற்பத்து மூன்று, பொட்டு நாற்பத்தொன்று. தன்னுடைய ஆட்கள் எல்லோரும் வாக்குப் போட்டார்கள், ஒருவரும் வெளியே போகவில்லை, அப்படியானால் இரண்டு எங்கே?



பேராசிரியர் ஜெ. பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பு இல்லை. "நெற்றியில் ஒட்டுகிற சாமானைத் தாளில் ஒட்டினால் விழத்தான் செய்யும். ஒழுங்கான ஸ்டிக்கர் வரும் வரை பொறுத்திருக்க வேண்டும்." ஆங்கிலத்தில் சொன்னார், அது இன்னும் குளிராக இருந்தது. வியாழக்கிழமை கைதட்டிய அதே மனிதர்.

ஜெ. என்னைப் பார்க்கவில்லை. "ஓம் சேர். பசை சரியில்லை. என்ர பிழைதான்."

நான் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். பதினொரு மாதமாக நான் காத்திருந்த காட்சி இதுதான்: பேராசிரியர் அவளைக் கடிந்துகொள்ள வேண்டும், எல்லோரும் பார்க்க வேண்டும். கிடைத்தது. தேத்தண்ணி அப்படியே ஆறிப்போயிற்று.

முடிவு புதன்கிழமை எல்லாத் தரப்பும் வரும் பெரிய கூட்டத்தில் உறுதியாகும். அதன் பின் மாற்ற முடியாது.

ஐந்து மணிக்கு மழை தொடங்கியது.


ஒக்டோபர் 23, செவ்வாய்

மழை. விடவேயில்லை. நான் சொன்ன மழை, ஒரு கிழமை பிந்தி.

ஜெ. வேலைக்கு வரவில்லை. குறுஞ்செய்தி: "வீட்டுக்குள்ள தண்ணி. லீவு போடுங்கோ அக்கா."

மத்தியானம் கொட்டாஞ்சேனைக்கு பஸ். இதுவரை அந்தத் தோட்டத்துக்குப் போனதில்லை, வரைபடத்தில் மட்டும்தான். ஒழுங்கை வாசலில் செருப்பைக் கையில் எடுத்தேன். முழங்காலுக்கு மேலே கறுப்புத் தண்ணீர். பழக்கதோஷம், குடையை ஊன்றி ஆழம் அளந்தேன். சுவரில் அவளுடைய சோக்கட்டிக் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே. அவளுடைய கோடும் பிழை இல்லை.

என் நகர வரைபடத்தில் இந்த ஒழுங்கை ஒரு கட்டம். சாம்பல் நிறம். அந்தச் சாம்பலுக்குள் கட்டிலுக்கு மேலே கட்டில், அதற்கு மேலே அடுப்பு, அதற்கும் மேலே தொட்டிலில் ஒரு குழந்தை நித்திரை.

ஜெ. பாவாடையைச் செருகிக்கொண்டு பிளாஸ்டிக் பேசின் ஒன்றால் தண்ணீர் அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள். வெளியேயும் தண்ணீர்தான்.

"இஞ்ச ஏன் வந்தனீங்கள் அக்கா, சேலையோட!"

எதிர்வீட்டுப் பெண் எனக்கும் அவளுக்கும் தேத்தண்ணி நீட்டினாள். இந்த வெள்ளத்திலும் இவளுக்குத் தேத்தண்ணி தர ஆள் இருக்கிறது என்று நினைத்தேன். இந்த மனதை என்ன செய்வது?

"ஏன் சொல்லாமல் விட்டனீர்?" என்று கேட்டேன்.

"ஏனெண்டு நினைக்கிறீங்கள்?"

"என்னில பரிதாபம்."

"பரிதாபமோ!" பேசினைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். அவள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "நான் சொன்னா என்ன நடக்கும்? ரெண்டு தமிழ்ப் பொம்பிளையள் பொட்டுக்கு அடிபட்ட கதை எண்டு மாநகர சபை முழுக்கச் சிரிப்பினம். இந்தத் தண்ணி ஒருத்தருக்கும் ஞாபகம் வராது. திட்டத்தையே இழுத்து மூடுவினம். அதுக்குத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தனான். உங்களுக்காக இல்லை."

பிறகு கொஞ்சம் இறங்கி, "என்னட்ட என்ன இருக்கெண்டு அக்கா எடுத்தனீங்கள்?"

அவளுடைய அம்மா கட்டிலில் இருந்து, "ஆர் பிள்ளை அது?" என்று கேட்டார்.

"எங்கட ஒஃபிஸ் அக்கா" என்றாள்.

வீட்டுக்கு வரும்போது சாவடியில் பொட்டைக் கழற்ற மறந்துபோனேன். அட்டையைப் புரட்டிப் பார்த்தான், கேட்டான், விட்டான்.


ஒக்டோபர் 24, புதன்

மழை விட்டிருக்கிறது. சேலையில் சேற்று மணம் போகவில்லை.

முடிவை முதலில் எழுதிவிடுகிறேன். கொட்டாஞ்சேனை. பாங்கொக்குக்கு ஜெ. என் வேலை இருக்குமா என்று வெள்ளிக்கிழமை தெரியும். இவருக்கு இன்னும் சொல்லவில்லை.

நடந்தது: பேராசிரியரின் அறைக்குப் போய் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கலாம். கதவை மூடியிருக்கலாம். இரண்டு தரம் அந்தக் கதவு வரை போனேன். ஆனால் அவளைக் கடிந்தது எல்லோர் முன்னாலும். கூட்டத்தில் எழும்பினேன். மீனவர், பொறியியலாளர், தோட்டத்து அம்மா, அடுக்குமாடித் தலைவர், எல்லோரும் இருந்தார்கள். பெரும்பாலானோருக்கு விளங்கட்டும் என்று சிங்களத்தில் தொடங்கினேன்.

பொட்டு விழவில்லை. நான் எடுத்தேன். இரண்டு. இதோ. அட்டையைப் புரட்டி மேசையில் வைத்தேன்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். மெல்ல, அவரும் சிங்களத்தில், ஏன் என்று கேட்டார்.

காரணத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை. ஆங்கிலத்தில் தெரியும். தமிழில் எனக்கு மிக நன்றாகத் தெரிந்த சொல். சிங்களத்தில் மட்டும் வரவில்லை. நின்றேன். இந்த முறை நானாகவே அவள் பக்கம் திரும்பினேன்.

ஜெசிந்தா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு, வழக்கம் போல, மெதுவாக எடுத்துத் தந்தாள்.

"இரிசியாவ."

பொறாமை. வாங்கித் திருப்பிச் சொன்னேன்.