எனக்கு மட்டும் தராத சதுரம்

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் அலுவலக ஸ்டோர் கீப்பரின் பேரனுக்குப் பச்சை சாக்ஸ் ஒரு ஜோடி முடிந்தது. இரண்டாவது சாக்ஸ் எனக்கு எப்போதும் முதலாவதைவிட ஒரு நூல் பெரிதாகத்தான் வரும். குழந்தை வந்து புகார் கொடுக்கப் போவதில்லை.

புகார் கொடுப்பவர்கள் எல்லாம் பெரியவர்கள். குடிநீர் அலுவலகத்தில் தொலைபேசி முன்னால் உட்கார்ந்து நாள் முழுக்க நான் கேட்பது அதைத்தான். தண்ணீர் வரவில்லை, வந்தால் கலங்கல், கலங்கல் இல்லையென்றால் பில் தப்பு. காதில் ஹெட்போன், மடியில் பின்னல். இன்று ஒருவர் திட்டுவதை நடுவில் நிறுத்தி, “அங்க என்னம்மா டிக் டிக்னு சத்தம்?” என்றார். “உங்க புகாரை டைப் பண்றேன் சார்” என்றேன். திருப்தியாகப் போனை வைத்தார்.

குழந்தைகளுக்கு மட்டும் ஏன் பின்னுகிறாய் என்று எல்லோரும் முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். சின்னது, சீக்கிரம் முடியும். அவ்வளவுதான் காரணம். இவருக்கு ஒரு ஸ்வெட்டர் ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் தொப்பை போட்டுவிட்டார். அது இப்போது தலையணை உறை. எங்களுக்குக் குழந்தை இல்லை, ஆஸ்பத்திரிக்கு அலைவதை நிறுத்தியும் வருடங்களாகிவிட்டன. அதற்கும் சாக்ஸுக்கும் முடிச்சுப் போடாமல் இருக்க மாட்டார்களா?

மார்ச் 8, சனி

தையல்கார அம்மாவின் கடை மாடியில் எங்கள் சனிக்கிழமைத் தையல் கூட்டம். நான் படியேறி உள்ளே போனதும் மெஷின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. கரண்ட் போய்விட்டதோ என்று மேலே பார்த்தேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

எல்லோர் முன்னாலும் ஒரே மாதிரித் துணிச் சதுரம். மஞ்சள் பாய் கட்டிய ஒரு படகு, கீழே சாம்பல் நிறத் தண்ணீர். யாருக்காவது குழந்தை பிறக்கப் போகிறதென்றால் எங்கள் வழக்கம் இதுதான்: ஆளுக்கொரு சதுரம் தைப்போம், தையல்கார அம்மா அவற்றை இணைத்துப் போர்வையாக்குவார். யாரையும் விடுவதில்லை. மணிக்கட்டு ஒடிந்து கட்டுப் போட்டிருந்தவள்கூட இடது கையால் ஒன்று தைத்துக் கொடுத்திருக்கிறாள்.

எனக்கு இஸ்திரிப் பெட்டியைக் கொடுத்தார்கள்.

“யாருக்கு இது?”

“சும்மா... ஒருத்தங்களுக்கு.”

“என் சதுரம் எங்க?”

“உனக்கு ஆபீஸ்ல வேலை ஜாஸ்தியா இருக்கும்னு...” தையல்கார அம்மாவுக்குத் துணியை வெட்டத் தெரிந்த அளவு பொய் சொல்லத் தெரியாது. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். “உன் தங்கச்சிக்கும்மா. அஞ்சு மாசம். அவளே உன்கிட்ட சொல்லட்டும்னு இருந்தோம்.”

உடையை இடுப்பில் பிரித்துவிடச் சொல்லி அவரிடம்தான் வந்திருக்கிறாள். தையல்காரிக்குத் தெரியும், கூட்டத்துக்கே தெரியும், கூடப் பிறந்தவளுக்குத் தெரியாது.

இருந்த சதுரங்களை எல்லாம் இஸ்திரி போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தேன். ஒரு படகின் பாய் லேசாகக் கருகிவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை.

வீட்டுக்கு வந்து இவரைக் கேட்டேன். இவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். சங்கடமான பேச்சு வந்தால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வலது காலால் தரையை அழுத்துவார், பிரேக் இருப்பது போல. அழுத்தினார்.

“போன மாசமே தெரியும். உங்க அம்மாதான் இப்ப சொல்ல வேணாம்னாங்க.”

மார்ச் 9, ஞாயிறு

அம்மா போனில்: “நீ மனசு கஷ்டப்படுவேன்னுதான்டி...”

“இப்ப சந்தோஷத்துல குதிச்சிட்டிருக்கேனா?”

குழந்தை வருவதை என்னால் தாங்க முடியும். என்னைத் தவிர்த்துவிட்டு என்னைப் பற்றி எல்லோரும் கூடிப் பேசியதைத்தான் தாங்க முடியவில்லை. யார் சொல்வது, எப்போது சொல்வது, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா — இதெல்லாம்கூடப் பேசியிருப்பார்கள். நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா? தொட்டால் உடைஞ்சிடுவேனா? இத்தனை வருஷம் உடையாம இருந்தவளுக்கு இவங்க இப்ப பஞ்சு சுத்தறாங்களாம்.

மார்ச் 11, செவ்வாய்

தங்கை விடாமல் கூப்பிடுகிறாள். எடுக்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

தங்கையே வந்துவிட்டாள். கைப்பையை வயிற்றுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். அவ்வளவு பெரிய பை அவளிடம் இருந்ததாக ஞாபகமில்லை.

“பையை இறக்கி வை. எனக்குக் கண்ணு தெரியும்” என்றேன்.

வைத்தாள். வயிறு நன்றாகவே தெரிந்தது. நான் காபி போடுகிறேன் என்று சமையலறைக்குப் போய்ச் சும்மா நின்றேன். பின்னாலேயே வந்தாள்.

“ஏன்டி மறைச்சே?”

“போன வருஷம் சித்தப்பா பொண்ணு மாசமா இருக்கற விஷயம் சொன்னப்ப நீ ரெண்டு நாள் சாப்பிடலையாமே. மாமா சொன்னாரு.”

“அது பல்லு வலி.”

“அக்கா.”

பல் வலி இல்லைதான். இங்கே எழுதுவதற்கு என்ன.

“இப்படி ஒவ்வொருத்தரும் உன்னைச் சுத்தி மெதுவா நடக்கறது எனக்கே பிடிக்கல. ஆனா நான் சொல்லி, நீ சிரிச்சு, அப்புறம் மறுபடி பல்லு வலி வந்துச்சுன்னா? அதை யோசிச்சே நாள் தள்ளிப்போச்சு. நீ என்னை விட்டு ஒதுங்கிடுவியோன்னு பயம்க்கா.”

“என்னடி பெரிய மனுஷி மாதிரி பேசறே. ஒதுங்கவாவது! நான் உன் குழந்தைக்கு ஸ்வெட்டர் பின்றேன் பாரு. வெள்ளையில.”

“கட்டாயம் இல்ல.”

“நான் பின்றேன்னு சொல்றேன்ல.”

போகும்போது என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். வயிறு இடித்தது. ஒதுங்கக் கூடாது என்று இருவரும்தான் நினைக்கிறோம். பிறகு ஏன் இவ்வளவு பயம்?

ஏப்ரல் 2, புதன்

வெள்ளை நூல் வாங்கி ஆரம்பித்தாயிற்று. கடையிலேயே மிருதுவானது. மாதிரித் துண்டு பின்னிப் பார்க்கவில்லை. முதலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று பின்னி, அளந்து பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஒவ்வொருவர் கையின் இறுக்கம் ஒவ்வொரு மாதிரி. புதிதாகப் பின்ன வருகிறவர்களிடம் இதை மிரட்டியே சொல்வேன். என் கை எனக்குத் தெரியாதா?

ஏப்ரல் 19, சனி

முதுகுப் பகுதி முடிந்து மேஜையில் விரித்தேன். இவர் எட்டிப் பார்த்து, “இது எந்தப் பொம்மைக்கு?” என்றார்.

கண்ணிகளை எண்ணினேன், சரி. ஊசி சரியான ஊசி, நூல் சரியான நூல். ஆனால் துணி அட்டை மாதிரி விறைத்து நிற்கிறது, அளவும் பாதிதான். கை இறுகியிருக்கிறது. இதே வாரத்தில்தான் அலுவலகத்தில் ஒருத்திக்குக் குல்லா பின்னிக் கொடுத்தேன். அது வெண்ணெய் மாதிரி வந்தது.

பிரித்துவிட்டேன். இந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

மாதிரித் துண்டு பின்னி, அளந்து, மரியாதையாகத் திரும்ப ஆரம்பித்தேன். மாதிரி நன்றாக வருகிறது. ஸ்வெட்டர் என்று கைக்குத் தெரிந்ததும் இறுகுகிறது. சிரிப்பாக இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது.

பொறாமையா?

பொறாமைதான். கொஞ்சம். எழுதிவிட்டேன், வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. ஸ்டோர் கீப்பரின் பேரன் ஸ்டோர் கீப்பருக்குப் பேரன், எனக்கு அவன் யாரோ. இது அப்படி இல்லை. இது என்னைப் பெரியம்மா என்று கூப்பிடும். நல்ல நாள் கெட்ட நாள் எல்லாவற்றிலும் என் கண்ணெதிரில் இருக்கும். சாக்ஸ் கொடுத்துவிட்டு வந்துவிட முடியாது.

மே 10, சனி

வெட்கத்தை விட்டுக் கூட்டத்துக்குப் போனேன். பெரிய மேஜையில் படகுகளை வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார்கள், தைத்து இணைப்பதற்கு முன்னால் எப்போதும் செய்வது போல. கருகிய பாயும் இருந்தது. நடுவில் ஒரு சதுரம் மட்டும் காலி.

“துணி குறைஞ்சிடுச்சா?” என்றேன்.

“உன்னோடது” என்றார் தையல்கார அம்மா. வெட்டி வைத்த துண்டுகளை ஒரு கவரில் போட்டு வைத்திருந்தார். “அன்னிக்கே குடுத்திருக்கணும். யாரையும் விடக் கூடாதுன்னு வாய் கிழியப் பேசிட்டு நானே உன்னை விட்டுட்டேன். கோவமா?”

“கோவம்தான்.”

“சரி, தைச்சுக்கிட்டே கோவப்படு.”

தைத்தேன். கால் அங்குலம் விளிம்பு விட்டு, மூலைக்கு மூலை பிசகாமல் வந்தது. மெஷினுக்குக் கையின் இறுக்கம் தெரியாது, மிதித்தால் ஓடும். அதை இடைவெளியில் வைத்தபோது மற்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். எனக்கு அழுகை வரவில்லை. பசிதான் வந்தது.

ஆனால் ஸ்வெட்டர் இன்னும் பந்தாகத்தான் கிடக்கிறது.

மே 25, ஞாயிறு

தங்கையிடம் போனில் சொல்லிவிட்டேன். “ஸ்வெட்டர் வரலடி. பின்றேன், பிரிக்கிறேன், பின்றேன், பிரிக்கிறேன். அவ்வளவு ஜம்பமா சொன்னேன், கை வர மாட்டேங்குது.”

சமாதானம் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

“எனக்கு ஸ்வெட்டர் வேணாம்க்கா. நீ வா, போதும். வெறுங்கையோட வா.”

“வெறுங்கையோட எப்படி வர்றது? பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?”

“யாரோ என்னமோ நினைச்சுக்கட்டும். நீ இதுவரைக்கும் ஒரு குழந்தையையாவது தூக்கியிருக்கியா? நான் கூட வந்திருக்கேன், பாத்திருக்கேன். பொட்டலத்தை நீட்டுவே. அவங்க பிரிச்சு, ஐயோ எவ்வளவு அழகுன்னு சொல்லி, குழந்தைக்குப் போட்டுப் பாப்பாங்க. நீ தள்ளி நின்னு அளவைப் பாப்பே. டீ குடிப்பே. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எழுந்துடுவே. என் குழந்தைகிட்டயும் அப்படி வந்துட்டுப் போயிடாதேக்கா.”

“உனக்கு வாய் நீளமாயிடுச்சு” என்று போனை வைத்துவிட்டேன்.

அதன் பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்த்தேன். சித்தப்பா மகள் வீடு. மாடி வீட்டு இரட்டையர். ஸ்டோர் கீப்பரின் பேரன் — அன்று அவர் மருமகள் குழந்தையை நீட்டவே நீட்டினாள்; சளி பிடித்திருக்கிறது என்றேன். எனக்குச் சளி இல்லை. ஒரு குழந்தையைக்கூட நான் தூக்கியதில்லை. காலின் அளவு, தலையின் சுற்றளவு எல்லாம் மனப்பாடம். கனம் எவ்வளவு என்று தெரியாது.

சின்னது, சீக்கிரம் முடியும் என்று இத்தனை நாள் யாரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்?

ஜூன் 18, புதன்

அவளும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. போர்வையைத் தையல்கார அம்மாவே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாராம்.

இவர் சொன்னார்: “கியரைப் போட்டுட்டு கிளட்ச்சை மிதிச்சுக்கிட்டே உக்காந்திருக்கே. இப்படி இருந்தா வண்டி எங்க போகும்? மெதுவா விடு.”

“விட்டா குலுங்கி நின்னுடுச்சுன்னா?”

“நின்னா என்ன? மறுபடி ஸ்டார்ட் பண்ணு. என்கிட்ட கத்துக்கிறவங்க எல்லாரும் தினமும் அதைத்தான் பண்றாங்க.”

சாயங்காலம் நானே தங்கையைக் கூப்பிட்டேன். கால் வீக்கம், தூக்கம் இல்லை, மாமியார் ஓயாமல் பேசுகிறார் என்று புலம்பினாள். கேட்டுக்கொண்டேன். ஸ்வெட்டர் பற்றி இருவரும் பேசவில்லை.

ஜூலை 5, சனி

பெண் குழந்தை. அம்மாதான் கூப்பிட்டாள். “முதல்ல உனக்குத்தான்டி சொல்றேன். இன்னும் யாருக்கும் சொல்லல.” பாவம், ஒரே போனில் எல்லாக் கணக்கையும் தீர்த்துவிடப் பார்க்கிறாள். நான் எதுவும் குத்திப் பேசவில்லை.

அலமாரியில் ஒரு வெள்ளைக் குல்லா தயாராக இருக்கிறது. யாருக்கு என்று இல்லாமல் எப்போதோ பின்னியது. அளவு கச்சிதமாக இருக்கும். பொட்டலம் கட்டும் காகிதம்கூட இருக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

குல்லாவை எடுத்துப் போகவில்லை.

ஆஸ்பத்திரி நடைபாதையில் கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. கட்டிக்கொண்டேன், பின்னால் வைத்துக்கொண்டேன், பிறகு தொங்கவிட்டேன். அறைக்குள் அம்மா, தங்கையின் மாமியார், இவர் எல்லோரும் சுவரோரமாக நின்றார்கள். மறுபடியும் எல்லோரும் என் முகத்தையே பார்க்கிறார்கள்.

தங்கை மட்டும் பார்க்கவில்லை. குழந்தையின் துணியைச் சரிசெய்துகொண்டே, “கை கழுவினியா?” என்றாள்.

“கழுவிட்டேன்.”

“அப்ப உக்காரு. முழங்கையை மடக்கு. தலை இந்தப் பக்கம். பிடி.”

கொடுத்துவிட்டாள். நான் நினைத்ததைவிடக் கனம். சூடு. மூச்சு விடும்போது முழு உடம்பும் ஏறி இறங்குகிறது. என் கை விறைத்துத்தான் இருந்தது, முதலில். அவள் கொட்டாவி விட்டாள், இவ்வளவு சின்ன வாயில் இவ்வளவு பெரிய கொட்டாவி. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே அழுகை வந்துவிட்டது. எனக்கு இல்லையே என்று அழுதேன். இவள் வந்துவிட்டாளே என்றும் அழுதேன். இரண்டையும் பிரிக்க வரவில்லை. எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அம்மா பதறி, “குடும்மா, நான் வாங்கிக்கறேன்” என்று கையை நீட்டினாள்.

“விடும்மா, அக்காகிட்டயே இருக்கட்டும்” என்றாள் தங்கை.

ஜூலை 20, ஞாயிறு

தங்கை வீட்டில் எழுதுகிறேன். நோட்டு மேஜையில், குழந்தை இடது கையில். எழுத்து கோணல் மாணலாக ஓடுகிறது. தங்கை உள்ளறையில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். எழுப்பினால் கொன்றுவிடுவேன் என்று இவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கை மரத்துவிட்டது. மாற்றிப் பிடித்தால் விழித்துக்கொள்வாள், அதனால் அப்படியே இருக்கிறேன்.

கடைசிப் பஸ் போயிருக்கும்.