மூன்று ஒய்யும் மைனஸ் ஒய்யும்

1938 ஆகஸ்ட் 9, செவ்வாய்

நாலாம் பாரத்து வகுப்புப் பெண்களுக்கு இன்று நான் கணக்கு நடத்திக் காட்ட வேண்டும். சரியில்லை என்றால் வேலை கிடையாது. கல்லுப்பட்டிக்கு, அண்ணன் வீட்டுக்கே திரும்ப வேண்டியதுதான். தலைமையாசிரியை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு சமன்பாடுகளை எழுதி, எக்ஸை நீக்குவதற்காக ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தேன். மூன்று ஒய்யிலிருந்து மைனஸ் ஒய் போனால் நான்கு ஒய். பதற்றத்தில் இரண்டு ஒய் என்று எழுதி, அப்படியே விடை வரை போய்விட்டேன்.

பேச்சியம்மாள் என்றொரு பெண் எழுந்தாள். "டீச்சர், விடை ரெண்டாவது சமன்பாட்டுக்குப் பொருந்தலையே."

கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தேன்; தவறு கண்ணில் படவில்லை. "எங்க தப்புன்னு நீங்களே பாருங்க" என்றேன்.

"குறிய மாத்தல டீச்சர்!" என்று வகுப்பே கத்தியது.

வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் தலைமையாசிரியை கேட்டார்: "வேணும்னுதானே தப்பாப் போட்டீங்க?"

"இல்லம்மா, நெசமாவே தப்பாயிருச்சு."

சிரித்துவிட்டார். "அப்ப நாளைக்கும் வாங்க."

காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. இப்போதுதான் பசிக்கிறது.