நீ மூடாமல் விட்ட டேக்குகள்

அம்மாடி,

காலையில் கரண்ட் போனதும் மூலையில் கிடக்கிற உன் யுபிஎஸ் கத்த ஆரம்பித்துவிட்டது. கம்ப்யூட்டர் நீ வேலை பார்த்த உழவர்கரை ஆபீசுடையது, எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இது நாம் வாங்கியது, விட்டுவிட்டார்கள். காப்பாற்ற ஒன்றும் இல்லாமலேயே கத்துகிறது. அதன் ஒயரைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. நான் சொல்லச் சொல்ல உன் வீட்டுக்காரன்தான் இதை எழுதுகிறான். நடுநடுவே பேனாவைக் கீழே வைத்துவிடுகிறான்.

மில் மூடிச் சும்மா உட்கார்ந்திருந்த மாமனாரை உன் வேலைக்குள் இழுத்துப் போட்டவள் நீ. பழைய இணையப் பக்கங்களை எக்ஸ்எச்டிஎம்எல் என்கிற புது முறைக்கு மாற்றும் வேலை. பழைய முறையில் டேக் என்கிற ஒரு குறியைத் திறந்துவிட்டு மூட மறந்தாலும் கம்ப்யூட்டர் பொறுத்துக்கொள்ளுமாம். புதுசு பொறுக்காது. நீ சத்தமாகப் படிப்பாய். எழுத்து தெரியாத நான், டேபிள், டிஆர் என்று எந்தெந்த டேக் திறந்திருக்கிறது என்று மனசில் பிடித்து வைத்திருப்பேன்.

"டிஆர் இன்னும் தொறந்தே கெடக்கு. அதுக்குள்ள டேபிளை மூடப் பார்க்குறியே!"

"மாமியார் இல்லாத வீடுன்னு சொல்லித்தான் கட்டிக் குடுத்தாங்க. நல்லா ஏமாத்திட்டாங்க மாமா!"

ஒரு தடவை பிஆர் என்று படித்தாய். அதையும் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன், மூடவே இல்லை. கேட்டதும் அப்படிச் சிரித்தாய். "அது வரியை உடைக்கத்தான் மாமா. உள்ள ஒண்ணும் கெடையாது. அதுலயே ஒரு சாய்கோடு போட்டு அப்பவே மூடிடணும். அதை ஏன் தூக்கிச் சுமக்குறீங்க?" மற்றதற்கெல்லாம் ஒரே முறைதான், கடைசியாகத் திறந்ததை முதலில் மூட வேண்டும்.

அன்றைக்கும் எச்டிஎம்எல், பாடி, டேபிள், டிஆர், டிடி என்று படித்துக்கொண்டே வந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாய். ஆட்டோவில் என் தோளில் சாய்ந்து, "எங்க விட்டோம்னு ஞாபகம் வச்சுக்குங்க மாமா. வந்து முடிச்சிடலாம்" என்றாய்.

குடல்வால் வெடித்துவிட்டது என்றார்கள். நீ வரவில்லை. இந்த வீட்டுக்குக் கடைசியாக வந்தவள் நீ.

கம்ப்யூட்டரை எடுக்க வந்தவரிடம், அந்தப் பக்கத்தை முடிக்கும்போது என் காதில் விழப் படிப்பீர்களா என்று கேட்டேன். "வேற ஆள் முடிச்சுட்டாங்க பெரியவரே" என்றார், ஒயரைச் சுருட்டிக்கொண்டே.

"நீங்களே வாயால சொல்லி முடிச்சிடுங்கப்பா, பாரம் குறையும்" என்கிறான் உன் வீட்டுக்காரன். வரிசை தெரியாமலா இருக்கிறேன்? முதலில் மூட வேண்டிய டிடி நாக்கு நுனி வரைக்கும் வந்து நிற்கிறது. சொல்ல மாட்டேன். மூடுவது உன் வேலை, பிடித்து வைத்திருப்பதுதான் என் வேலை. அதுவும் போனால் இந்த வீட்டில் எனக்கு என்ன இருக்கிறது? அந்தப் பிஆர் மாதிரி உள்ளே ஒன்றுமில்லாதவனாக இருந்திருந்தால், அன்றைக்கே மூடிக்கொண்டிருப்பேன்.

கரண்ட் வந்துவிட்டது. யுபிஎஸ் ஓய்ந்துவிட்டது.

டிடியில் விட்டோம், அம்மாடி. ஐந்தும் திறந்தபடியே இருக்கின்றன.