தவக்காலத்தில் முடிந்த கவுன்சிலிங்

ஷெர்லின் அப்பாவுக்கு,

குவைத்திலிருந்து பிரிஸ்கா. நான் நல்ல சுகம். உங்களுக்கு உடம்பு எப்படி? பிள்ளைக்கு இருமல் நின்றதா?

நேற்று வீடியோவில் உங்கள் கவுன்சிலிங் மேடம், "உங்க வீட்டுக்காரர் ஒரு மாசமா குடிக்கவே இல்லை, இனி கவுன்சிலிங் வேண்டாம்" என்று சந்தோஷப்பட்டார். சென்னைக்காரர், பாவம். தவக்காலம் முழுக்கத் தொடாமலிருந்து, ஈஸ்டர் பூசை முடிந்த கையோடு மொத்தத்துக்கும் சேர்த்துக் குடிப்பது திரேஸ்புரத்தில் உங்களுக்கு வருஷாவருஷம் உள்ள வழக்கம் என்று அவருக்கு யார் சொன்னது? நீங்களும் சொல்லாமல், "எல்லாம் மேடம் தந்த தெம்புதாம்லா" என்று கும்பிட்டீர்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

முதலாளியம்மா கூப்பிடுகிறாள். ஷெர்லினுக்கு மஞ்சள் கவுன் எடுங்கள். ஈஸ்டருக்கு முந்தின நாளே அவளைப் பெரியதாழையில் என் அம்மாவிடம் விட்டுவிடுங்கள். போன ஈஸ்டர் தழும்பே அவள் நெற்றிக்குப் போதும்.

பிரிஸ்கா