இரண்டே கோடுகள் உள்ள புள்ளி

புதன்கிழமை, இரவு. மழை.

இன்று பின்னேரம் தாவரவியல் பகுதியிலிருந்து ரிஸ்வான் தொலைபேசி எடுத்தார். "மிஸ், உடனை ஆய்வுகூடத்துக்கு வாங்கோ" என்றார்.

நீர்வேலித் தோட்டங்களில் வாழைகளை வாட வைக்கும் பூஞ்சணத்தின் புரதங்களைப் புள்ளிகளாகவும், அவற்றின் தொடர்புகளைக் கோடுகளாகவும் வைத்து வரைபு போட்டிருந்தேன். கூடுதல் கோடுகள் சேரும் புள்ளியைத்தான் எல்லோரும் தேடுவார்கள். என் கணினி நிரலோ இரண்டே கோடுகள் உள்ள ஒன்றைக் காட்டியது. அதை எடுத்தால் முழு வரைபும் இரண்டாக உடையும். போன வருடம் பல்கலைக்கழகக் கூட்டத்தில், கணிதம் படிப்பிக்கிற நான் இதைச் சொன்னபோது ரிஸ்வானும் சிரித்தார். ஆனாலும் செய்து பார்த்தது அவர்தான்.

மேசையில் இரண்டு கண்ணாடித் தட்டுகள். ஒன்றில் பூஞ்சணம் விளிம்பு வரை படர்ந்திருந்தது. அந்தப் புரதத்தை நீக்கிய மற்றதில் ஒரு பொட்டளவோடு நின்றுவிட்டது.

"திரும்பவும் செய்து பாத்தனீங்களோ?" என்று கேட்டேன்.

"ஓம். ஒவ்வொரு முறையும் இப்பிடித்தான். நான் அண்டைக்குச் சிரிச்சிருக்கக் கூடாது, மிஸ்."

"வாழை மரத்திலை?"

"அது இன்னும் பாக்கேல்லை."

அதுதான் இப்போது நித்திரை கொள்ள விடமாட்டேன் என்கிறது. தட்டில் நின்றது மரத்திலும் நிற்குமா? அடுத்த கிழமைதான் சோதித்துப் பார்க்க வாழைக்கன்றுகள் வரும்.

சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன். கையைச் சோற்றுக் கோப்பையில் வைத்தபடியே யோசித்தார்.

"அப்ப நீர் கீறுற கோடுகள் மெய்யாவே அதுக்குள்ளை இருக்குதோ?"

"ஓம், இருக்குது" என்றேன்.

கலியாணத்துக்குக்கூட இவ்வளவு உறுதியாக ஓம் சொன்னதாக ஞாபகமில்லை.