மாப்பிள்ளைக்குக் காபி

காளவாசல், மதுரை
ஞாயிற்றுக்கிழமை

தம்பி சிவக்குமாருக்கு அக்கா தமிழ்ச்செல்வி எழுதுவது. கனடாக் குளிரில் நீயும் பிருந்தாவும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால், 'சரிக்கா, பாத்துக்கலாம்க்கா' என்று என் வாயை அடைத்துவிடுவாய். அதனால்தான் தாளில் எழுதித் தபாலில் போடுகிறேன்.

அப்பாவுக்கு உடம்பில் குறையில்லை. சாப்பிட்டதை மறந்துவிட்டு, சோறு போடாமல் கொல்கிறாள் என்று தெருவைக் கூட்டுகிறார். ஆனால் நீ அனுப்பிய கண்ணாடி வந்த பிறகு முகம் தெளிந்திருப்பது உண்மை. பெட்டி மாதிரி இருக்கும் அதைக் கண்ணில் மாட்டிவிட்டால், நீயும் வாடிப்பட்டிச் சித்தப்பாவும் எதிரிலேயே உட்கார்ந்திருப்பது போலத் தெரிகிறதாம். மழை, வெள்ளாமை, வாய்க்கால் தண்ணீர் என்று மணிக்கணக்காகப் பேசுகிறார். அதுவரைக்கும் உனக்குப் புண்ணியம்.

அப்புறம் செய்தாயே ஒரு காரியம்! 'மாப்ள எங்க?' என்று அவர் கேட்கும்போதெல்லாம் நான்கு வழிச் சாலை விபத்தைச் சொன்னால், அன்றுதான் செத்தது மாதிரி தலையில் அடித்துக்கொண்டு அழுவார். பார்க்க முடியவில்லைதான். அதற்காகக் கல்யாண வீடியோவையும் உன் போனில் கிடந்த குரலையும் வைத்து என் வீட்டுக்காரரையே கண்ணாடிக்குள் கொண்டுவந்து உட்கார வைப்பாயா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

இப்போது வாரா வாரம் மாப்பிள்ளை வருகிறார். 'ஏய் செல்வி, மாப்ள வந்து எம்புட்டு நேரமாச்சு, காபியக் கொண்டா' என்று அப்பா அடுப்படியைப் பார்த்துச் சத்தம் போடுகிறார். கொண்டுபோகாவிட்டால் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையை அவமானப்படுத்திவிட்டேனாம். கண்ணாடியைக் கழற்றி எறிகிறார். போட்டுக் கொண்டுபோய்க் காலி நாற்காலிக்கு முன்னால் வைக்கிறேன். ஆறிய பிறகு எடுத்துக் கீழே ஊற்றுகிறேன்.

அதோடு விட்டதா? கண்ணாடியைக் கழற்றியதும் என் நெற்றியைப் பார்க்கிறார். 'புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கான், நீ மூளி மாதிரி நிக்கிறியே, வெக்கமா இல்ல?' என்று கேட்டு ஒருநாள் கன்னத்தில் அறைந்துவிட்டார். அதிலிருந்து ஞாயிறானால் பொட்டு வைத்து, பூ வைத்து நிற்கிறேன். எதிர்வீட்டுப் பாண்டியம்மாள் மதினி, 'யாருக்குடி இம்புட்டு அலங்காரம்?' என்று சிரிக்கிறாள். பெற்ற அப்பனுக்காக என்றால் நம்புவாளா?

இன்று மத்தியானம் அப்பா தூங்கியதும் நானே மாட்டிப் பார்த்தேன். திட்டாதே. இருந்தார், சிவா. நீலக் கட்டம் போட்ட சட்டையில், மீசையை ஒதுக்கிக்கொண்டு. 'என்னங்க' என்றேன். என்னைப் பார்த்துச் சிரித்து, 'வாங்க மாமா, சாப்ட்டீங்களா?' என்றார்.

நான் செல்வி என்றேன். 'சரிங்க மாமா, தோட்டத்துல தண்ணி எப்படி?' என்று கேட்டார். நாங்கள் குடியிருந்த வீட்டைச் சொன்னேன். வயிற்றிலேயே போன பிள்ளையைச் சொன்னேன். அழுதுகொண்டே கத்தினேன். எல்லாவற்றுக்கும் அதே சிரிப்பு, அதே 'சரிங்க மாமா'.

அப்பாவுக்காவது என்னை இன்னார் என்று தெரிகிறது. என் வீட்டுக்காரரை அந்தக் கண்ணாடியிலிருந்து எடுத்துவிடு. அப்பா அழுதால் அழட்டும், நான் பிடித்துக்கொள்கிறேன். எடுக்க உனக்கு மனசு வராவிட்டால், உன் கையைப் பிடித்துக் கேட்கிறேன், அவருக்கு என் பேரையாவது சொல்லிக் கொடு.

நீயும் பிருந்தாவும் ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு நெடுங்காலம் வாழ வேண்டும்.

உன் அக்கா,
செல்வி