தும்பைக்கு மைனஸ் ஒன்று

12 ஜனவரி 2025, ஞாயிறு

சேர்ச்சில் ஆராதனை முடிந்து வந்து போனைத் திறந்தால் தனுஷாவின் குரல்பதிவு. நான் அனுப்பிய வெள்ளைப் பூப் படங்களில் ஒன்றுகூட எடுபடவில்லை. "ஜொய்சி அக்கா, வெள்ளை கிடக்கு, பூவைக் காணேல்லை." சொன்ன விதத்தைப் பார்! என்னைவிடப் பத்து வயது குறைந்த பிள்ளை.

ஆனால் சொன்னது பொய்யா? திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தேன். இதழில் ஒரு நரம்பு இல்லை, மடிப்பு இல்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி.

அவள் தாவரவியல் படித்தவள், குடாநாட்டுச் சிறுபூக்களுக்கு ஒரு கைந்நூல் போடுகிறாள். மஞ்சளும் சிவப்பும் நான் எடுத்தது அவளுக்குப் பிடித்திருக்கிறது. வெள்ளைதான் சோதனை. பெப்ரவரி முடிவதற்குள் ஒரு நல்ல தும்பைப் படம் கொடுத்தால் முழுப் புத்தகமும் எனக்கு. இல்லாவிட்டால் கொழும்பிலிருந்து ஆள் வரும்.

எனக்கு அது வேண்டும். கல்யாண அல்பங்களுக்குள் கிடந்து எத்தனை வருடம்! எவருடைய வீட்டு அலுமாரியிலோ பூட்டிக் கிடக்கிற படங்கள். என் பெயர் போட்டு ஒன்று வரவேண்டும். வரும்.

14 ஜனவரி

பொங்கல் என்று நான் வேலை செய்கிற ஸ்ரூடியோ பூட்டு. மத்தியான வெயிலில் நந்தியாவட்டையை எடுத்தேன். அதே சுண்ணாம்பு.

18 ஜனவரி, சனி

வெயிலில் எடுத்தது முதல் பிழை. காலையில் வெயில் மதிலைத் தாண்டி வருவதற்கு முன்னர் எடுத்தால் நிழல் மெதுவாக விழுகிறது. பனியும் இருக்கிறது. கொஞ்சம் பரவாயில்லை, ஆனாலும் ஏதோ செத்த படம்.

அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "ஏன்டி, பூவுக்கு ஐடென்டிற்றிக் காட் எடுக்கப் போறியோ?" என்றா.

சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. உண்மைதான். எல்லாப் பூவும் நட்டநடுவில், நேரே என்னைப் பார்த்தபடி. பொம்பிளை மாப்பிள்ளையை நிறுத்தி நிறுத்தி எடுத்த பழக்கம். பூவுக்கு ஒரு பக்கம் இருக்காதா, முதுகு இருக்காதா?

24 ஜனவரி, வெள்ளி

இன்று கண்டுபிடித்தேன். ஐயோ, என்ன மடைச்சி நான்!

பின்னேரம் ஸ்ரூடியோவில் ஒரு கல்யாண அல்பம். முதலாளி றொபின் அண்ணை பின்னால் வந்து நின்று, "பொம்பிளையை இன்னும் கொஞ்சம் வெளுப்பாக்கு தங்கச்சி, தாய்க்காரி பேசப்போறா" என்றார். எப்போதும் சொல்வதுதான். கை தானாக வெளிச்சத்தைக் கூட்டியது. நல்ல மாநிறப் பிள்ளை, மெழுகுப் பொம்மை ஆனாள்.

வீட்டுக்கு வந்து காலையில் எடுத்த பூவைத் திறந்தேன். அதே கை, அதே இடத்துக்குப் போய் வெளிச்சத்தைக் கூட்டுகிறது! பூவுக்கு யாரடி தாய்க்காரி?

பிறகு கமராவைப் பார்த்தேன். றொபின் அண்ணையிடம் வாங்கிய பழைய கமரா. அதில் எக்ஸ்போசர், அதாவது வெளிச்ச அளவு, பிளஸ் ஒன்றில் நிற்கிறது. அவர் கல்யாணங்களுக்கு வைத்தது. வாங்கிய நாளிலிருந்து நான் தொடவில்லை. அந்தக் கமராவின் குணமே அப்படி என்று நினைத்திருக்கிறேன்! படம் எடுக்கும்போது ஒருக்கால், கொம்பியூட்டரில் ஒருக்கால் – இரண்டு தரம் வெளுத்திருக்கிறேன்.

தனுஷாவில் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. இப்ப என்னிலைதான் கோபம்.

26 ஜனவரி, ஞாயிறு

மைனஸ் ஒன்று. எக்ஸ்போசரை அங்கே இறக்கியதும் நந்தியாவட்டையில் நரம்பு தெரிகிறது. இதழ் சுழன்று மடிகிற இடத்தில் மெல்லிய சாம்பல் நிறம். வெள்ளைக்குள் இவ்வளவு இருக்கிறதா? வீட்டு வளவுக்குள் நின்று சத்தமாகச் சிரித்தேன். அம்மா குசினி யன்னலால் எட்டிப் பார்த்தா.

3 பெப்ரவரி

எப்போதும் மைனஸ் என்றும் இல்லை. பின்னால் இருட்டுச் சுவர் இருந்தால் கமரா ஏமாந்து பூவை எரித்துவிடும், அங்கே குறைக்க வேண்டும். பூ முழுப் படத்தையும் நிறைத்தால் குறைக்கத் தேவையில்லை, குறைத்தால் அழுக்குச் சீலை மாதிரி வருகிறது. கண்ணால் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். விதி எழுதி வைத்தால் சரிவராது.

8 பெப்ரவரி, சனி

றெயில் பாதைக்குப் பக்கத்து வெறுங்காணியில் தும்பை! மாரி மழைக்கு அடர்ந்து கிடக்கிறது. மொட்டுத்தான், இன்னும் விரியவில்லை.

தும்பை முழங்காலுக்குக் கீழே நிற்கிற செடி. நின்றுகொண்டு எடுத்தால் தலைதான் தெரியும். உரப்பையை விரித்துக் குப்புறப் படுத்தேன். பக்கத்து வளவு நமசிவாயம் அண்ணை சைக்கிளை நிப்பாட்டி, பதறிப்போய், "பிள்ளை, விழுந்திட்டியோ?" என்றார்.

"இல்லையண்ணை, படமெடுக்கிறன்."

"உந்தப் புல்லையோ?"

"பூவை, அண்ணை."

தலையை ஆட்டிக்கொண்டு போனார். ஊருக்குள் இனி ஒரு கதை ஓடும். ஓடட்டும்.

கீழே படுத்தபோதுதான் விளங்கியது. மொட்டுக்கூட ஒரு பக்கம் சாய்ந்து பார்க்கிறது. அது பார்க்கிற பக்கத்தில் இடம் விடவேண்டும். இடம் விட்டால் படம் மூச்சு விடுகிறது.

16 பெப்ரவரி, ஞாயிறு

பாதி விரிந்துவிட்டது. இன்னும் பத்து நாளில் முழுதாய் நிற்கும். 26ஆம் திகதி ஸ்ரூடியோவும் லீவு. விடியப் போய் எடுத்து, 28இல் அனுப்பிவிடலாம். வளவுச் செடிகளில் பழகிக்கொண்டிருக்கிறேன். காற்று அசைத்தால் ஷட்டர் வேகத்தைக் கூட்டுவது, மூச்சை அடக்கி அழுத்துவது – எல்லாம் கைக்கு வந்துவிட்டது. இந்த முறை விடமாட்டேன்.

26 பெப்ரவரி, புதன்

எல்லாம் போச்சு. பிறகு பார்த்தால் ஒன்றும் போகவில்லை. ஒழுங்காக எழுதுகிறேன்.

விடியப் போனேன். காணி முழுக்கப் பச்சை. ஒரு பூ இல்லை. ஒண்டுகூட இல்லை! நடுவில் நமசிவாயம் அண்ணை, கையில் பனையோலைப் பெட்டி, பெட்டி நிறையத் தும்பை.

"என்னண்ணை செய்தனியள்!" என்று கத்திவிட்டேன்.

அந்த மனிசன் திகைத்துப்போய், "என்ன பிள்ளை, இண்டைக்குச் சிவராத்திரியெல்லே? தும்பை இல்லாமல் சிவனுக்குப் பூசையோ?"

சிவராத்திரி. அதற்குத்தான் எனக்கு லீவே விட்டிருக்கிறார்கள்! கலண்டரில் நாளைப் பார்த்தேன், லீவைப் பார்த்தேன், லீவு எதுக்கெண்டு பாத்தனா? கொக்குவிலில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதெண்டு வெளியிலை சொல்லேலுமே? உரப்பையில் குந்தியிருந்து அழுதேன். வெட்கம் கெட்ட அழுகை.

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். "உனக்கும் வேணுமெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் விட்டிருப்பனே பிள்ளை. பெட்டியிலை இருந்து எடன்."

"பறிச்சது சரிவராது அண்ணை. செடியிலை நிக்கோணும்."

கொஞ்சம் யோசித்தார். பிறகு ஒரு மாதிரிக் கூச்சத்தோடு, "அந்த இடிஞ்ச மதிலுக்குப் பின்னாலை கொஞ்சம் நிக்குது. நாய் கால் தூக்கிற இடம். சுவாமிக்கு ஆகாதெண்டு நான் தொடேல்லை. உனக்குப் பரவாயில்லையெண்டால்..."

எனக்கா ஆகாது? ஓடினேன்.

ஈர மதில், பாசி பிடித்துக் கறுத்திருந்தது. அதன் முன்னால் ஒரு செடி, வெயில் இன்னும் தொடாதது. உரப்பையை மறந்துவிட்டேன், அப்படியே படுத்தேன். மணம் நாய் மணம்தான். மைனஸ் ஒன்று. பூவை இடப்பக்கக் கரையில் வைத்து, அது பார்க்கிற வலப்பக்கத்தை இருட்டுக்கு விட்டேன். காற்று நிற்கும்வரை பொறுத்திருந்தேன்.

திரையில் பெரிதாக்கினேன். கீழ் இதழின் மடிப்பு. மேலிதழில் நுண்ணிய மயிர், அதில் பனி. எரிந்த இடம் ஒரு பொட்டுக்கூட இல்லை. நமசிவாயம் அண்ணை குனிந்து பார்த்துவிட்டு, "அட, இதுக்கு மயிரிருக்கே! வருசா வருசம் பறிக்கிறன், இப்பத்தான் காணுறன்" என்றார். அவருக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது.

28 பெப்ரவரி

அனுப்பிவிட்டேன். கொம்பியூட்டரில் ஒன்றும் தொடவில்லை.

6 மார்ச், வியாழன்

பதில் இல்லை. நேற்றுச் சாம்பல் புதன், செபத்தில் மனம் நிற்கவில்லை. கொழும்புக்காரனுக்குக் கொடுத்துவிட்டாளோ? கொடுத்தால் கொடுக்கட்டும். அந்தப் படம் நல்ல படம். இல்லை, கொடுக்கக் கூடாது!

11 மார்ச்

தனுஷாவின் குரல்பதிவு: "அக்கா, இப்பதான் பூவைக் காணுறன். புத்தகம் உங்களுக்குத்தான்."

ஸ்ரூடியோ வாசலில் நின்று நாலைந்து தரம் கேட்டேன். றொபின் அண்ணையிடம் சித்திரையோடு வேலையிலிருந்து நிற்கப் போகிறேன் என்று சொன்னேன். "பூவெல்லாம் காசு குடுத்து அல்பம் அடிக்காது தங்கச்சி" என்றார். கவலையாகத்தான் சொன்னார். எனக்கும் பயம்தான். ஆனாலும் நிற்கிறேன்.

15 மார்ச், சனி

புத்தகத்தில் படப்பிடிப்பாளர் பக்கத்துக்கு என்னுடைய படம் ஒன்று வேண்டுமாம். றொபின் அண்ணை எடுத்தது ஒன்று ஸ்ரூடியோவில் இருக்கிறது. அதில் நான் எப்படி! பன்னீரில் கழுவிய மாதிரி வெளுத்து, கன்னத்து அம்மைத் தழும்பெல்லாம் துடைத்து எடுத்து. என் படம் கேட்ட எல்லாருக்கும் அதைத்தான் கொடுத்திருக்கிறேன்.

இன்று காலை கமராவை முக்காலியில் வைத்து, மதில் நிழலில் நின்று நானே எடுத்தேன். தழும்பு ஒவ்வொன்றாகத் தெரிகிறது. என் நிறம் என் நிறமாக இருக்கிறது.

அம்மா பார்த்தா. "உதையோ புத்தகத்துக்குக் குடுக்கப்போறாய்?"

"ஓம்."

கண்ணாடியை ஏற்றி இன்னொருக்கால் பார்த்தா. பிறகு, "அப்பான்ரை நிறம்" என்றா.

அனுப்பிவிட்டேன்.